கோழிக்கு மின்வேலி: மெஷினைவிட மண்ணைக் கவனியுங்கள்

சாக்கோட்டை வட்டாரத்தில் ஆடு, மாட்டுக்கு அடுத்தபடியாக வீட்டுக்குக் கைச்செலவுக் காசு தருவது நாட்டுக்கோழிதான். கண்மாய் நிரம்பாத ஆண்டிலும் சிறுவிடைக் கோழி முட்டையிடும். பெருவிடைச் சேவல் நல்ல விலைக்குப் போகும். காரைக்குடியும் செட்டிநாட்டு உணவகங்களும் பக்கத்தில் இருப்பதால் விற்பனைக்கு அலைய வேண்டியதில்லை. கவலையெல்லாம் இரவில் வரும் நரி, கீரி, மரநாய், தெருநாய்களைப் பற்றித்தான்.

மேய்ச்சல் முறையில் கோழி வளர்ப்பவர்களின் நட்டத்தில் நோய்க்கு அடுத்த இடம் பெரும்பாலும் இவற்றுக்குத்தான். மாதம் இரண்டு கோழி போகிறது, ஒரு கோழி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 12,000 ரூபாய் கணக்கில் வராமலே கரைகிறது. அடைக்கோழி ஒன்று போனால் அதன் கீழிருந்த முட்டைகளும் சேர்ந்தே போகின்றன.

இதற்குத் தீர்வாகப் பலரும் மின்வேலியை விசாரிக்கிறார்கள். சரியாக அமைத்தால் பலன் தரும் முறைதான். ஆனால், "எந்த மெஷின் வாங்கலாம்?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் பகுதியின் வறண்ட சரளை மண்ணில் அதைவிட முக்கியமான கேள்வி, "எர்த் எப்படிப் போடுவது?" என்பதுதான். விலை உயர்ந்த மெஷினும் எர்த் சரியில்லாவிட்டால் வெறும் கம்பிக்குச் சமம்.

230 வோல்ட் கொல்லும், 8,000 வோல்ட் விரட்டும்

முதலில் ஒரு எச்சரிக்கை. பம்புசெட் இணைப்பிலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது மின்வேலி ஆகாது. அது கொலைக்கருவி. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. யானைக்கே அந்தக் கதி என்றால் மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், தான் கட்டிய கம்பியிலேயே கால் பட்டு இறந்தார் என்ற செய்தி தமிழகத்தில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். வேலி மெஷின் 8,000 வோல்ட் தருகிறது. பிறகு எப்படிக் குறைந்தது கொல்கிறது, கூடியது கொல்லாமல் விடுகிறது? விடை நேரத்தில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்கிறது. தொட்டதும் தசை இறுகிக் கையை எடுக்க முடியாமல் போகிறது. தொடர்ந்து பாயும் மின்னோட்டம் இதயத்தை நிறுத்துகிறது. வேலி மெஷினோ சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை மட்டும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. அதில் உள்ள ஆற்றலும் கட்டுப்படுத்தப்பட்டது. சுள்ளென்று அடிக்கும், அடுத்த துடிப்பு வருவதற்குள் விலங்கு விலகி ஓடிவிடும். வலி உண்டு, உயிர்ச்சேதம் இல்லை. பட்ட விலங்கு அந்தப் பக்கம் வர அஞ்சும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒரு காரியத்துக்கு வாங்கிய மின் இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இன் கீழ் மின் திருட்டாகும். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. யாராவது இறந்தால் அது தனிக் குற்ற வழக்கு. நரி, கீரி, காட்டுப்பூனை, உடும்பு ஆகிய அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. விரட்டலாம், கொல்லக் கூடாது.

தமிழ்நாடு அரசு 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்துவதற்கான விதிகளையும் கொண்டுவந்துள்ளது. நிலம் காப்புக்காட்டுக்கு அருகில் இருந்தால், வேலி போடுவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தேவையான அனுமதியைப் பெற்றுவிடுங்கள்.

திருடன் யார் என்று முதலில் பாருங்கள்

எந்த விலங்கு வருகிறது என்று தெரியாமல் வேலி போடக் கூடாது. தடயம் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

கோழி முழுதாகக் காணாமல் போய், இறகு மட்டும் வரப்போரம் சிதறிக் கிடந்தால் நரியாக இருக்கலாம். ஒரே இரவில் பல கோழிகள் கடிபட்டு, தின்னாமல் போட்டது போட்டபடி கிடந்தால் பெரும்பாலும் தெருநாய். கழுத்திலும் தலையிலும் கடித்திருந்தால் கீரியையோ மரநாயையோ சந்தேகிக்கலாம். கீரி பகலில் வரும். மரநாய் இரவில் மரம், சுவர், கூரை வழியாக இறங்கும். குஞ்சுகள் மட்டும் இரவில் குறைந்து, கொட்டகை ஓரம் வளை தெரிந்தால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பாகவோ உடும்பாகவோ இருக்கலாம். பட்டப்பகலில் குஞ்சு மறைந்தால் மேலே பாருங்கள்: பருந்து, வல்லூறு, காகம்.

நாய், நரி, கீரி, மரநாய், பூனை ஆகியவற்றை மின்வேலி தடுக்கும். பறவைகளை ஒருபோதும் தடுக்காது. பாம்பு, பெருச்சாளிக்கு அதை நம்ப முடியாது. இவற்றுக்கு வலைக்கூரையும் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலைக் கொட்டகையும்தான் வழி.

மூன்று வகையில் எது நமக்கு?

முதல் வகை, கம்பி மட்டும் கட்டும் வேலி. ஐந்து முதல் எட்டு வரிசைக் கம்பி. பயிரைக் காக்க நல்லது. கோழிக்கு முழுமையாகப் பொருந்தாது. கோழியின் இறகு மின்சாரத்தைத் தடுப்பதால் அது சாவகாசமாகக் கம்பிக்கு இடையில் நுழைந்து வெளியே போய்விடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் இழையில் மெல்லிய உலோகக் கம்பி கோத்த மின்வலை. சுருட்டி எடுத்து இடம் மாற்றலாம். வெளிநாடுகளில் மேய்ச்சல் கோழிக்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் புல் பட்டால் சக்தி இறங்கிவிடும். நம் சரளைத் தரையில் அதன் கால்களை ஊன்றுவதும் கடினம். தென்னந்தோப்புக்குள் கோழியைப் பகுதி பகுதியாக மேய்ப்பவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, சாதாரணக் கம்பிவலை வேலிக்கு வெளியே இரண்டு மூன்று மின்கம்பி சேர்ப்பது. நிரந்தரமான கோழித் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வலை கோழியை உள்ளே நிறுத்துகிறது. மின்கம்பி எதிரியை வெளியே நிறுத்துகிறது. வறண்ட மண்ணுக்கு இதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு.

எர்த்: சாக்கோட்டை மண்ணின் சிக்கல்

மின்வேலி வேலை செய்ய ஒரு சுற்று முழுமையாக வேண்டும். மெஷினிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து விலங்கின் உடலுக்கு, அதன் காலிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து எர்த் கம்பி வழியாக மெஷினுக்கு. இதில் ஓரிடம் அறுந்தாலும் அதிர்ச்சி இல்லை. நம் செம்பொறைச் சரளை மண் சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. மெஷினில் விளக்கு எரியும், கம்பியில் 7,000 வோல்ட் காட்டும். ஆனால் நாய் கம்பியைத் தொட்டுக்கொண்டே உள்ளே போகும். "மெஷின் சரியில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பலரின் உண்மைச் சிக்கல் இதுதான்.

இதற்குத்தான் வலையோடு சேர்ந்த வேலி கைகொடுக்கிறது. கம்பிவலையை மெஷினின் எர்த் முனையோடு இணைத்துவிட வேண்டும். விலங்கு வலையில் காலையோ மூக்கையோ வைத்தபடி மின்கம்பியைத் தொட்டால், மண்ணின் உதவி இல்லாமலே சுற்று முழுமையாகிவிடும். கோடையிலும் அடி குறையாது. வலையை மட்டும் தொடும் கோழிக்கு அதிர்ச்சி இராது. வலையை நான்கைந்து இடங்களிலாவது எர்த் கம்பியோடு இணையுங்கள். ஓரிடத்தில் துருப்பிடித்தாலும் மற்ற இடங்கள் காக்கும்.

இதோடு தனி எர்த்தும் அவசியம். ஆறு அடி நீள ஜி.ஐ. கம்பி அல்லது குழாய் மூன்று, பத்தடி இடைவெளியில் அடித்து, ஒரே ஜி.ஐ. கம்பியால் இணைக்க வேண்டும். இடத் தேர்வுதான் முக்கியம். தொட்டி நிரம்பி வழியும் இடம், தென்னைப் பாத்தி, கழுவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரம் என எப்போதும் ஈரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். சம்மட்டியால் அடித்தும் இறங்காத கெட்டிச் சரளையில் துளையிட்டு, கம்பியை நிறுத்தி, பென்டோனைட் எர்த்திங் பொடியைத் தண்ணீரில் குழைத்து நிரப்பலாம். கோடையில் வாரம் ஒருமுறை அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வீடு, பம்புசெட் ஆகியவற்றின் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே இது இருக்க வேண்டும். இரண்டையும் ஒருபோதும் இணைக்கக் கூடாது.

எர்த் போதுமா என்று அறிய எளிய சோதனை உண்டு. மெஷினை நிறுத்திவிட்டு, அதற்குத் தொலைவான இடத்தில் இரும்புக் கம்பிகள் சிலவற்றை, வலையில் படாமல், மின்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே சாய்த்து வையுங்கள். மெஷினை ஓடவிட்டு, வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியிருப்பதை உறுதி செய்யுங்கள். இப்போது கடைசி எர்த் கம்பிக்கும், ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய வேறொரு கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. கூடினால் இன்னொரு எர்த் கம்பி அடியுங்கள். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்து திருப்தி அடையாதீர்கள், சித்திரையில் செய்யுங்கள்.

50 சென்ட்டுக்கு ஒரு கணக்கு

சதுரமான 50 சென்ட் நிலத்தின் பக்கம் சுமார் 45 மீட்டர். சுற்றளவு 180 மீட்டர், அதாவது ஏறக்குறைய 590 அடி. பத்தடிக்கு ஒன்று என்றால் 60 கால்கள். கல்கால், சிமென்ட் கால் எதுவும் ஆகும். எதிலும் மின்கம்பி நேரடியாகப் படக் கூடாது, இன்சுலேட்டர் மீதுதான் போக வேண்டும். மூன்று வரிசை மின்கம்பிக்கு 540 மீட்டர். 2 மி.மீ. ஜி.ஐ. கம்பியாக இருந்தால் 13 கிலோவுக்குச் சற்று மேல். மூலை, இணைப்புக்கும் சேர்த்து 15 கிலோ வாங்கலாம்.

வலை ஐந்து முதல் ஆறடி உயரம் இருக்கட்டும். அடியில் இரண்டடிக்கு அரை அங்குலக் கண் உள்ள வலையைக் கூடுதலாக வையுங்கள். பெரிய கண் வழியே கீரி நுழைந்துவிடும். வலையின் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணில் புதைக்க வேண்டும். தோண்ட முடியாத சரளையாக இருந்தால், ஒன்றரை அடி அகல வலையை வெளிப்பக்கம் தரையோடு விரித்து, கல் வைத்து அமுக்குங்கள். தோண்ட வரும் விலங்கு வலை ஓரத்தில்தான் தோண்டும். அங்கே வலை தடுக்கும்.

முதல் மின்கம்பி தரையிலிருந்து ஆறு அங்குல உயரம், வலையிலிருந்து ஆறு அங்குலம் வெளியே. இது கீரிக்கும் தோண்டும் நாய்க்கும். இரண்டாவது, 15 அங்குல உயரத்தில், அதே அளவு வெளியே. நாயும் நரியும் முதலில் மூக்கை நீட்டி முகரும். ஈரமான மூக்கில் பட்டால்தான் அடி உறைக்கும். ரோமத்தில் பட்டால் அவ்வளவு உறைக்காது. மூன்றாவது, வலையின் உச்சிக்கு நான்கு அங்குலம் மேலே. ஏறி வரும் மரநாய்க்கும் பூனைக்கும் இது. வேலியைத் தொடும் மரக்கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மரநாய்க்கு நாமே பாலம் போட்டதாகும்.

முள்கம்பியில் மின்சாரம் விடக் கூடாது. சிக்கிக்கொண்டவர் விலக முடியாது என்பதால் சர்வதேசத் தரவிதியே இதைத் தடுக்கிறது.

மெஷின் வாங்கும்போது

"50 ஏக்கருக்குப் போதும்", "100 ஏக்கருக்குப் போதும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, வெளியே தரும் ஆற்றல் எத்தனை ஜூல்? உள்ளே சேமிக்கும் ஜூலைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நமக்கு வேண்டியது வெளியே வருவது. மேலே சொன்ன 50 சென்ட் வேலிக்கு அரை முதல் ஒரு ஜூல் தாராளம். இரண்டு, ஐ.எஸ். 302-2-76 தரத்துக்கு உட்பட்டதா? இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இக்னிஷன் காயில் வைத்து உள்ளூரில் செய்து தரும் மெஷினும் வேண்டாம். மூன்று, மணிக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? பேட்டரி, சோலார் தகட்டின் அளவு இதைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டாக, 12 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும் மெஷினுக்கு ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து நாள் வெயில் இல்லாமல் போனால் 18. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி தேவை. இறங்கிய பேட்டரியை விரைவில் ஏற்ற 40 வாட் தகடு போதுமானது.

மெஷினிலிருந்து வேலிக்குச் செல்லும் வயரில் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு வயர் 1,100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. 8,000 வோல்ட் அதன் உறையைத் துளைத்துக்கொண்டு கசியும். மின்வேலிக்கென விற்கும் இரட்டை உறை வயரையே வாங்குங்கள். வாசலுக்கு அடியில் குழாய்க்குள் இதைக் கொண்டுபோக வேண்டும். அப்போது வாசலைத் திறந்தாலும் மற்ற வேலிக்கு மின்சாரம் நிற்காது. செம்பு வயரை ஜி.ஐ. கம்பியோடு நேரடியாக முறுக்கினால் இணைப்பு அரித்துப்போகும், கிளாம்ப் பயன்படுத்துங்கள். இடி மின்னல் நாட்களுக்கு மின்னல் தடுப்பானும் அவசியம்.

தினமும் ஒரு நிமிடம்

வேலி கட்டி முடித்த அன்றே மின்சாரம் விடுங்கள். மின்சாரம் இல்லாமல் சில நாள் நின்றால், விலங்கு அதில் நுழையப் பழகிவிடும். பிறகு விரட்டுவது கடினம்.

வேலிக்கென உள்ள வோல்ட்மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் அளந்தால் அது பழுதாகிவிடும். தினமும் மாலையில் மெஷினுக்குத் தொலைவான முனையில் அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். 4,000-க்கு மேல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 3,000-க்குக் கீழே இறங்கினால் அன்றே சுற்றிப் பாருங்கள். புல் தொட்டுக்கொண்டிருக்கும், இன்சுலேட்டர் உடைந்திருக்கும், அல்லது சீமைக்கருவேல் கிளை சாய்ந்திருக்கும். கசிவு உள்ள இடத்தில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும். இரவில் பொறியும் தெரியும். முதல் மழைக்குப் பிறகு புல் வேகமாக வளரும். வேலியின் இருபுறமும் இரண்டடிக்குக் களை இல்லாமல் வைத்திருங்கள்.

அடிக்கம்பியில் உடும்போ ஆமையோ சிக்கியிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு விடுவியுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் வேலியைக் காட்டிச் சொல்லி வையுங்கள். தலையோ கழுத்தோ கம்பியில் படும்படி யாரும் குனிந்து நுழையக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் போகவே கூடாது. பாதையோர வேலியில் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகையை அடிக்கடி கண்ணில் படும்படி மாட்டுங்கள். ஒரே வேலிக்கு இரண்டு மெஷின் இணைப்பது ஆபத்து. துடிப்புக்கு இடையிலான இடைவெளி, அதாவது தப்பிக்கும் நேரம், இல்லாமல் போய்விடும்.

வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் கோழிகளைக் கொட்டகையில் அடைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எட்டு வாரம் வரை குஞ்சுகளுக்கு மூடிய கூண்டுதான் பாதுகாப்பு. வேலி பகலுக்கும் மறதிக்கும் காவல். கொட்டகைக் கதவுதான் இரவுக் காவல்.

வேளாண் பொறியியல் துறை சூரியசக்தி மின்வேலிக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. இந்த ஆண்டு ஒதுக்கீடு உள்ளதா, கோழித் தோட்டத்துக்குப் பொருந்துமா என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கோழி வளர்ப்பு ஆலோசனைக்குக் கால்நடை மருந்தகத்தையும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் கொட்டகைக் கதவு, அடுத்து வலை, அடுத்து எர்த், கடைசியாக மெஷின். மெஷினை அடுத்த அறுவடைப் பணத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பம்புசெட் வயரை மட்டும் வேலிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.